கிளாஸ் இல்லாத பட்டம்

ஹாவார்ட் வணிகப் பள்ளியில் எம்.பி.ஏ. படிக்க விண்ணப்பிப்பவருக்கு ஜி.பி.ஏ. இவ்வளவாவது இருக்கவேண்டும் என்று விதி எதுவும் இல்லை. அந்தப் பள்ளியே அதை வெளிப்படையாகச் சொல்கிறது. அங்கே சேர்ந்தவர்களின் சராசரி 4க்கு 3.7ஐ ஒட்டி நிற்கிறது என்பது உண்மைதான். ஆனால் சராசரி என்றால் அதற்குக் கீழேயும் ஆட்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியில் நின்று இதைச் சொன்னால் நம்புவார் குறைவு. பட்டம் முடித்து வருகிற பிள்ளையிடம் இங்கே முதலில் கேட்கப்படுவது "கிளாஸ் கிடைச்சதோ?" என்பதுதான். என்ன படித்தாய், எதில் விருப்பம் வந்தது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. இல்லை என்று பிள்ளை தலையசைத்தால் கேட்டவர் மெல்லப் பேச்சை மாற்றிவிடுவார், பெரும்பாலும் இரக்கத்தோடுதான். அந்த இரக்கத்துக்குள் ஒரு தீர்ப்பு இருப்பது பிள்ளைக்கு உடனே விளங்கிவிடும்.

பட்டதாரிகள் வெளிநாட்டுப் படிப்புக்கு எழுதும் விண்ணப்பங்களைப் படித்துத் திருத்திக் கொடுக்கும் வேலை சில காலமாக என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. பெரிய வணிகப் பள்ளிகள் பெயரும் அவற்றில் வரும். அப்படி வந்தவர்களில் ஒருவன் ஒரு பின்னேரம் தன் பெறுபேற்றுத் தாளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்:

"சேர், எனக்கு 2.58. நான் அப்ளை பண்ணினாச் சிரிப்பினமோ?"

"ஆர் தம்பி சிரிப்பினம்?"

"அங்க இல்லை சேர். இஞ்ச."

இந்தக் கட்டுரை அந்த 'இஞ்ச'வைப் பற்றியது.

முதலில் தாளைப் பார்ப்போம். பெறுபேற்றுத் தாள் என்பது பாடக்குறியீடு, பாடத்தின் பெயர், அதற்கு நேரே ஓர் ஆங்கில எழுத்து, கீழே பதிவாளரின் கையொப்பம், முத்திரை. நாலு வருடம் அவ்வளவுதான். அதன் அடியில் இரண்டு தசமதானத்தில் ஓர் எண். அந்த எண் 3.70க்கு மேல் என்றால் முதல் வகுப்பு, 3.30க்கு மேல் என்றால் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, 3.00க்கு மேல் என்றால் கீழ்ப்பிரிவு. அதற்குக் கீழே வெறும் சித்தி. இதுதான் எங்கள் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் இருக்கும் கணக்கு. இந்த வகுப்புப் பிரிப்பு நாங்களாகக் கண்டுபிடித்ததும் அல்ல. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்துக்கு மாணவரைத் தயார்செய்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தபோது அந்த வழக்கமும் கூடவே வந்து தங்கிவிட்டது.

நான் சொல்லும் பெடியனின் தாளில் முதலாம் ஆண்டு முழுக்க சியும் சி பிளசும். புள்ளிவிபரவியலில் ஒரு டி. மூன்றாம் ஆண்டில் பி பிளஸ் தலைகாட்டுகிறது. நாலாம் ஆண்டில் ஏ மைனஸ் மூன்று இடத்தில் இருக்கிறது. அவன் உயர்தரத்தில் கணக்கீடு, பொருளியல், வணிகக் கல்வி மூன்றையும் தமிழில் படித்தவன். ஐந்தொகையும் பெறுமானத் தேய்வும் அவனுக்குத் தூக்கத்திலும் வரும். கம்பஸ் வாசலுக்குள் போன கையோடு எல்லாம் ஆங்கிலம். கணக்குத் தெரியும், ஆனால் வினாவை வாசித்து விளங்கவே பரீட்சை நேரத்தில் பாதி போய்விடும். முகாமைத்துவம் படிக்கிற எங்கள் பிள்ளைகளில் மிகப் பலருக்கு முதலாம் ஆண்டு என்றால் இதுதான். மூன்றாம் ஆண்டில் ஆங்கிலம் பிடிபட்டதும் புள்ளி ஏறுகிறது. ஆனால் தாளின் அடியில் நிற்கும் எண் இரண்டையும் ஒன்றாகக் கூட்டி வகுத்துத்தான் வருகிறது. மாரிக் கிணற்றின் தண்ணீர் மட்டத்தையும் ஆவணிக் கிணற்றின் மட்டத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, அந்த அளவுக்கு வாளிக்கயிறு வெட்டுகிறவர் ஒருவரும் இல்லை.

அந்த டி-யைப் பற்றியும் சொல்லவேண்டும். பரீட்சையில் தவறியவர் அதே பாடத்தை மறுபடி எழுதலாம். ஆனால் மீளத் தோற்றுபவருக்கு, அவர் தொண்ணூறு புள்ளி எடுத்தாலும், சி-க்கு மேல் பதிவதில்லை என்பது எங்கள் பல்கலைக்கழகங்களில் பரவலாக உள்ள விதி. வருத்தம் என்றால் மெடிக்கல் போடலாம். குறித்த நாட்களுக்குள் போட்டு, அது ஏற்கப்பட்டால், அடுத்த முறை எழுதுவது முதல் தடவையாகவே கணக்கில் எடுக்கப்படும். வீட்டுக் கஷ்டத்துக்கு எந்த டொக்டரும் சேர்டிபிகேற் தரமாட்டார். ஆகவே வீட்டுக் கஷ்டம் உள்ளவன் ஆயத்தமில்லாமல் மண்டபத்துக்குள் போய் டி எடுக்கிறான். வருத்தக்காரன் படுத்து எழும்பி வந்து ஏ எடுக்கிறான். மீளத் தோற்றியவனின் தாளைப் பார்க்கும் வெளிநாட்டுக்காரருக்கு ஒரு சி தெரியும். அந்த சி ஒரு கூரை என்பது தெரியாது. விண்ணப்பிப்பவன் எடுத்துச் சொன்னால்தான் தெரியும். அவனோ அதைச் சொல்வதே வெட்கம் என்று நினைக்கிறான்.

நாலு வருடப் படிப்பு என்பதுகூட யாழ்ப்பாணத்தில் எத்தனை தலைமுறைக்கு நாலு வருடமாக இருந்தது? 1987 ஒக்ரோபரில் இந்தியப் படையோடு மூண்ட சண்டை பல்கலைக்கழக வளாகத்தையும் தொட்டது. 1990இல் மறுபடி யுத்தம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஓர் இரவில் செம்மணி வீதியால் தென்மராட்சிக்கு நடந்தது. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. யுத்தம் முடிந்த பிறகு வந்தவர்களுக்கு வேறு காரணங்கள் வந்தன. 2012இல் விரிவுரையாளர் வேலைநிறுத்தம். 2020இல் கொரோனா. 2022இல் பதின்மூன்று மணி நேர மின்வெட்டும் பெற்றோல் வரிசையும். 2024இல் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம். ஒவ்வொன்றிலும் ஒரு அரையாண்டு எங்கோ போய் ஒளிந்துகொண்டது. இவற்றையெல்லாம் தாண்டி முதல் வகுப்பு எடுத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் நான் தலைவணங்குகிறேன். ஆனால் அவர்களைக் காட்டி மற்றவர்களை அளப்பதை ஏற்கமாட்டேன்.

இனி, நாங்கள் ஏன் இப்படி ஆனோம் என்பது. புள்ளி மேல் எங்களுக்கு இருக்கும் பக்தி வெறும் படிப்பாசை என்று சொல்லிவிட முடியாது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் தொடங்கி 1855இல் மூடப்பட்டது. அதன் பழைய மாணவர்களான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும்தான் புதிதாகத் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள். அந்தப் பெருமையை எங்கள் பள்ளிக்கூடங்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. நிலம் வரண்டது, வற்றாத ஆறு இல்லை, பெரிய தொழிற்சாலை இல்லை. இருந்த காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையும் 1990இல் நின்றுபோனது. சான்றிதழ் ஒன்றுதான் கப்பலேற்றக்கூடிய விளைச்சல் என்று நாலைந்து தலைமுறை நம்பியது. அதில் தவறும் இல்லை.

பிறகுதான் 1971 வந்தது. பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிமூலத்தின்படி வெவ்வேறு வெட்டுப்புள்ளி வைத்தார்கள். பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளி போதும், தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டும் என்றானது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. தரப்படுத்தல் என்ற அந்த ஏற்பாடு ஒரு தலைமுறை இளைஞரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை இங்கே நான் எழுதத் தேவையில்லை. அதே 1974இல்தான், சேர் பொன். இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவில், பேராசிரியர் கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு யாழ்ப்பாண வளாகம் திறந்தது. 2001இலிருந்து, பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணிக்கும் இசட் ஸ்கோர். பெரும்பாலான பாடநெறிகளுக்கு நூற்றுக்கு நாற்பது பேர் அகில இலங்கைத் திறமையில், ஐம்பத்தைந்து பேர் மாவட்ட விகிதத்தில், ஐந்து பேர் பின்தங்கிய மாவட்டங்களுக்கு.

புள்ளியைக் கொண்டு எங்களுக்கு அநியாயம் செய்தார்கள். அந்த அநியாயத்தை எதிர்த்தபோது நாங்கள் கையில் பிடித்த ஆயுதமும் புள்ளிதான். 'எங்கள் பிள்ளை 250 எடுத்தான், அவன் 227தான்' என்பது எங்கள் அரசியலின் முதல் வாக்கியங்களில் ஒன்றாகியது. அப்படிச் சொல்லிச் சொல்லியே, புள்ளிதான் நீதி, கலப்பில்லாத நீதி என்று நம்பத் தொடங்கிவிட்டோம். 250 எடுத்தவனுக்கு இடம் மறுக்கப்பட்டது கொடுமை என்று ஐம்பது வருடமாகப் பேசுகிறோம். 200 எடுத்தவன் எங்கள் பேச்சில் ஒருபோதும் வருவதில்லை. அவனுடைய வீட்டில் மேசை இருந்ததா, பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியர் இருந்தாரா, அவன் எத்தனை முறை இடம்பெயர்ந்தான் என்று நாங்கள் கேட்டதில்லை. தீவகத்துக்கும் வன்னிக்கும் யாழ் நகரத்துக் கல்லூரிகளுக்கும் இடையில் இருக்கும் தூரத்தைச் சுட்டிக் காட்டினால், தரப்படுத்தலுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைத்துவிடுகிறார்கள். தரப்படுத்தல் அநியாயம்தான். அதற்கு நாங்கள் கண்ட பதில், ஒரு மனிதனை ஓர் எண்ணால் ஒரே முறை அளந்து முடித்துவிடும் பழக்கமாக உறைந்ததும் இழப்புத்தான். தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததும் ரியூட்டரிக்காரர் சந்திக்குச் சந்தி பிள்ளைகளின் படத்தையும் புள்ளியையும் பனர் அடித்துக் கட்டுகிறார்கள். பத்து வயதில் தொடங்குகிறது.

அமெரிக்க வணிகப் பள்ளிகளும் இதே சிக்கலை ஒரு காலத்தில் எதிர்கொண்டன. ஒரு கல்லூரியின் பியும் இன்னொரு கல்லூரியின் பியும் ஒன்றா? 1953இல் ஒன்பது வணிகப் பள்ளிகள் கூடிப் பேசின. 1954இல் எல்லாருக்கும் பொதுவான ஒரு நுழைவுப் பரீட்சை தொடங்கியது. அதுதான் பிறகு ஜிமேற் என்று பெயர் மாறியது. பட்டப் பெறுபேற்றை மட்டும் நம்பி ஆளை எடுக்க முடியாது என்று அந்தப் பள்ளிகளே ஒப்புக்கொண்டதால் பிறந்த பரீட்சை அது. எங்கள் பிள்ளைகள் அதை இன்னொரு மலை என்று பார்த்துப் பயப்படுகிறார்கள். நான் அதைக் கதவு என்று சொல்லிக் கொடுக்கிறேன். முடிந்துபோன பெறுபேற்றுத் தாளை இனி யாராலும் திருத்த முடியாது. ஜிமேற்றை அடுத்த மாசி மாதம் எழுதலாம். சரிவராவிட்டால் இன்னொரு முறையும் எழுதலாம். கணிதம், மொழி, தரவுகளை வாசித்து முடிவெடுத்தல் என்று மூன்று பகுதி, இரண்டேகால் மணி நேரம். புள்ளி 205இலிருந்து 805 வரை. இரவு மெயிலில் ஏறிக் கொழும்பு போய் எழுதிவிட்டு வருகிறார்கள். மெயிலுக்குப் பயந்தால் வீட்டிலிருந்தே எழுதும் வழியும் உண்டு, கரண்ட் நிற்காது என்ற நம்பிக்கை இருந்தால்.

பெறுபேறு குறைந்த ஒரு விண்ணப்பத்தைக் கையில் எடுக்கும் தெரிவுக்குழுவுக்கு இரண்டு சந்தேகம்தான் வரும். இந்த ஆள் எங்கள் வகுப்பின் கணக்குப் பாடங்களைத் தாங்குவாரா? இவர் பொறுப்பில்லாதவரா? முதற் சந்தேகத்துக்கு ஜிமேற் கணிதப் பகுதி ஒரு பதில். ஹாவார்ட் வணிகப் பள்ளியே இணையவழியில் நடத்தும் அடிப்படைப் பாடநெறி இருக்கிறது. கணக்கியல், பொருளியல், வணிகத் தரவு ஆய்வு மூன்றும் அதில் உண்டு. சீமா போன்ற கணக்கியல் தொழிற்றகைமைப் பரீட்சைகள் எங்கள் ஊரில் ஏற்கனவே அறிமுகம். புள்ளிவிபரவியலில் டி எடுத்தவன் அதே பாடத்தை வேறோரிடத்தில் இன்று படித்து ஏ காட்டினால், அந்த டி-க்குப் பழைய வலு இருக்காது. இந்த இடத்தில் இந்தியாவின் ஐ.ஐ.எம். முகாமைத்துவ நிறுவனங்கள் கடுமையானவை. அகமதாபாத் ஐ.ஐ.எம். தன் நாட்டு மாணவரைத் தெரிவுசெய்யும்போது கேற் நுழைவுப் பரீட்சைப் புள்ளியோடு பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களுக்கும் எடை கொடுக்கிறது. பதினைந்து வயதில் சறுக்கியது இருபத்தைந்து வயதிலும் கூடவே வரும். வெளிநாட்டவர் ஜிமேற் மூலம் போகலாம் என்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு அங்கேயும் ஒரு வழி இருக்கிறது. உள்ளூரில், ஸ்ரீ ஜயவர்த்தனபுர பல்கலைக்கழகத்தின் கீழ் 1986இல் உருவான முகாமைத்துவப் பட்டப்பின் படிப்பு நிறுவனம் வேலை அனுபவத்தைக் கணக்கில் எடுக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் எம்.பி.ஏ. உண்டு. ஒருவருக்கு ஹாவார்ட்தான் வேண்டும் என்பதில்லை. ஆசை அங்கேதான் என்றால் அதைக் கேட்டுப் பார்க்கும் உரிமை அவருக்கு இருக்கிறது, அவ்வளவுதான். பத்துப் பேர் விண்ணப்பித்தால் எட்டுப் பேருக்கு மேல் திரும்பிவிடுகிற இடம் அது. 2.58ஓடு போகிறவனுக்கு வாய்ப்பு அதைவிடக் குறைவு. இதை நான் எவரிடமும் மறைப்பதில்லை.

இரண்டாவது சந்தேகத்துக்கு வருவோம். அங்கேதான் எங்கள் பிள்ளைகளிடம் பெருஞ்செல்வம் இருக்கிறது. அவர்களுக்கு அது தெரியாது.

அந்தப் பெடியனின் குடும்பம் மயிலிட்டிப் பக்கம். 1990 ஆனியில் எழும்பிப் போனவர்கள், 2017 ஆடியில் துறைமுகம் விடப்பட்ட பிறகுதான் திரும்பினார்கள். அவன் பிறந்தது நலன்புரி முகாமில். திரும்பியபோது தகப்பனிடம் ஒரு பழைய படகும் மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு எஞ்சினும் இருந்தன. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்து வேலைக்கு ஆள் இல்லை. கம்பசில் படிக்கிற பெடியன் என்று இவனைப் பிடித்து இருத்தினார்கள்.

2022 வந்தது. மண்ணெண்ணெய் இல்லை. பவுசர் எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. வந்தால் சங்கத்துக்கு ஒரு பங்கு கிடைக்கும், எல்லாப் படகுக்கும் போதாது. சண்டை கரையில் நடந்தது, கைகலப்பாகவும் போனது. இவன் ஒரு மொனிற்றர் கொப்பியை எடுத்தான். படகு இலக்கம், எஞ்சின் குதிரைவலு, வலையின் வகை, போன முறை எண்ணெய் வாங்கிய திகதி, வீட்டில் எத்தனை பேர். கரையோரம் தொழில் செய்யும் சிறிய படகுக்குக் குறைய வேண்டும், ஆனால் அடிக்கடி வேண்டும். ஆழத்துக்குப் போகும் படகுக்கு ஒரேயடியாக வேண்டும், பாதி எண்ணெய் கொடுத்தால் அது கரையில்தான் கிடக்கும். ஆகவே எல்லாருக்கும் சமமாகப் பிரிப்பது நியாயம் போலத் தெரிந்தாலும் அதில் எவரும் கடலுக்குப் போக முடியாது. இதை அவன் முதல் வாரத்திலேயே கண்டுகொண்டான். பெரிய படகுகளுக்குச் சுற்றுமுறை வைத்து, பிடித்த மீனில் ஒரு பங்கை அன்று போகாதவர்களின் வீட்டுக்குக் கொடுப்பது என்று ஓர் ஏற்பாட்டை எழுதிச் சங்கக் கூட்டத்தில் வாசித்தான். கத்தினார்கள். இரண்டு கூட்டம் கத்திய பிறகு ஒத்துக்கொண்டார்கள். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானபோது அந்தக் கணக்கு முழுவதையும் திரும்பப் போட்டான். புள்ளிவிபரவியல் பரீட்சை அந்த நாட்களில்தான் நடந்தது.

"இதை ஏன் தம்பி விண்ணப்பத்தில் எழுதவில்லை?" என்று கேட்டேன்.

"அது ஊர் வேலை தானே சேர்."

அவனுடைய முதல் வரைவில் பல்கலைக்கழக முகாமைத்துவ மன்றத்தின் உதவிச் செயலாளர் பதவி இருந்தது. விநாடி வினாப் போட்டியில் மூன்றாம் இடம் இருந்தது. மொனிற்றர் கொப்பி இல்லை. அரிதான ஒரு வளத்தைப் பகிர்வதும், கோபத்தில் நிற்கும் மனிதரிடம் ஓர் ஏற்பாட்டை ஒப்புக்கொள்ள வைப்பதும்தான் அந்தப் பள்ளிகள் இரண்டு வருடம் சொல்லிக்கொடுக்கும் விடயம். அதைச் செய்து முடித்தவன் தன்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை என்று என் முன்னால் இருந்தான். சான்றிதழ் தராத எதையும் வேலை என்று எண்ணாதே என்று இவனுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

இங்கே ஓர் ஆபத்தும் இருக்கிறது. முன்னால் போன சிலர் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லும் ஆலோசனை: "யுத்தத்தை எழுது, முகாமை எழுது, அவங்கள் உருகுவாங்கள்." இதை நான் முழு மனதோடு மறுக்கிறேன். செத்தவர்களைக் காட்டி இடம் கேட்பது எங்களுக்குத் தகாது. பிழைத்தவனையும் அது சிறுமைப்படுத்தும். வாசிக்கிறவர் உருகலாம். ஆனால் வகுப்பில் இடம் கொடுப்பது உருக்கத்துக்கு அல்ல. அதே சமயம், ஒன்றும் நடக்காதது போல எழுதுவதும் பொய். நான் சொல்வது, திகதியை எழுது, நடந்ததை எழுது, நீ செய்ததை எழுது, நிறுத்து. விளக்கம் கொடுக்க விரும்பினால் எழுதுவதற்கென்று ஒரு சிறு பகுதியைப் பெரும்பாலான பள்ளிகள் விண்ணப்பத்தில் வைத்திருக்கின்றன. அவன் கடைசியில் அதில் எழுதியது ஐந்து வாக்கியம். முதலாம் ஆண்டில் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறினேன், அந்த ஆண்டின் பெறுபேறு குறைவு. 2022இல் சங்கத்தின் எரிபொருள் பங்கீட்டுக்குப் பொறுப்பாக இருந்தேன், அந்த அரையாண்டில் புள்ளிவிபரவியலில் தவறினேன். மீளத் தோற்றும்போது சி-க்கு மேல் பதியப்படுவதில்லை என்பது விதி. கடைசி இரண்டு ஆண்டுகளின் பெறுபேற்றைத் தனியாகக் கீழே தந்திருக்கிறேன். புள்ளிவிபரவியலை இந்த வருடம் மறுபடி படித்தேன், பெறுபேறு இணைப்பில் இருக்கிறது. முகாம் என்ற சொல் அதில் வரவில்லை. ஸ்ரான்போட் தன் விண்ணப்பத்தில் உங்களுக்கு எது எல்லாவற்றிலும் முக்கியம், ஏன் என்று பல வருடமாகக் கேட்டுவருகிறது. முகாம் அங்கே வந்தது, ஒரே ஒரு பந்தியில், அவனுடைய தாய் அங்கே நடத்திய சீட்டைப் பற்றிச் சொல்லும்போது. அது அழகாக வந்திருந்தது. நான் ஒரு சொல்லையும் தொடவில்லை.

காசு பற்றி ஒரு வரி சொல்லவேண்டும். ஹாவார்ட்டுக்கு விண்ணப்பக் கட்டணம் 250 டொலர். 2022 மேயில் டொலர் 360 ரூபாவுக்குப் போனபோது அது தொண்ணூறாயிரம் ரூபா. கட்டணத்தை விலக்கித் தரும்படி கேட்கும் வசதி இருக்கிறது. கேட்க வேண்டும். உதவிப் பணமும் அங்கே தேவையைப் பார்த்துத்தான் கொடுக்கப்படுகிறது. புள்ளி குறைந்தவனுக்கு உதவி கிடையாது என்று இங்கே உலவும் பேச்சில் உண்மை இல்லை.

எல்லாவற்றிலும் கடினமானது பரிந்துரைக் கடிதம். எங்களுக்குத் தெரிந்தது நற்சான்றிதழ். இவரை எனக்கு இத்தனை வருடமாகத் தெரியும், நல்லொழுக்கமும் பணிவும் உடையவர், இவரது எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன். அதிபர் கொடுப்பதும் கிராம அலுவலர் கொடுப்பதும் கோயில் தலைவர் கொடுப்பதும் ஒன்றுதான். பெயரை மாற்றி எவருக்கும் கொடுக்கலாம். விரிவுரையாளர்களில் பலர் எழுதுவதும் இதன் ஆங்கில வடிவம்தான். கிளாஸ் எடுத்தவனுக்கு ஒரு பந்தி கூட, எடுக்காதவனுக்கு ஒரு பந்தி குறைய. அந்த மாணவன் வகுப்பில் என்ன கேட்டான், எந்த இடத்தில் பிழைவிட்டான், திருத்தியபோது எப்படி நடந்துகொண்டான் என்பது இருக்காது. நூற்றைம்பது பேர் இருக்கும் மண்டபத்தில் பாடம் எடுப்பவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வணிகப் பள்ளிகள் கேட்பது இதைத்தான். இந்த ஆளுக்கு நீங்கள் சொன்ன மிக முக்கியமான திருத்தம் எது, அதற்கு அவர் என்ன செய்தார் என்று நேரடியாகவே கேட்கிறார்கள்.

இவன் பட்டம் முடித்துச் சேர்ந்தது ஒரு நிதி நிறுவனத்தின் கிளையில். யுத்தத்துக்குப் பிறகு ஏ9 வழியாக வடக்குக்கு வந்து குவிந்த லீசிங், கடன் கம்பனிகளில் ஒன்று. மனேச்சர் ஐம்பது வயது கடந்தவர், சாவகச்சேரிக்காரர். பரிந்துரைக் கேள்வித் தாளைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் எடுத்தார்.

"சேர், பெடியன்ர பிழையை எழுதச் சொல்லிக் கிடக்கு. நான் எழுதினா அவன்ர எதிர்காலம் போயிடுமே?"

"அண்ணை, பிழையே இல்லாத பெடியன் எண்டு எழுதினாத்தான் போகும். உண்மையா நடந்த ஒண்டை எழுதுங்கோ."

"நடந்தது ஒண்டு கிடக்குத்தான்."

நடந்தது இது. படகுக்கும் எஞ்சினுக்கும் கடன் எடுத்தவர்கள் கார்த்திகை தொடங்கியதும் தவணை கட்டத் தவறுவார்கள். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகரையில் தொழில் படுத்துவிடும். கிளை அவர்களை நிலுவைக்காரர் பட்டியலில் போடும், தண்டப்பணம் ஏறும், பிறகு பறிமுதல். இவன் விடியப்புறம் கரைக்குப் போய் ஒவ்வொருவராகக் கேட்டு, எந்த மாதம் எவ்வளவு வருமானம் என்று அட்டவணை போட்டான். வாடை மாதங்களில் தவணை இல்லை, தொழில் நடக்கும் மாதங்களில் கூட்டிக் கட்டலாம் என்று ஒரு திட்டம் தயாரித்தான். தலைமையகத்துக்கு அனுப்புவதற்கு முன்பே கரையில் ஆட்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டான். தலைமையகம் முதலில் மறுத்தது. கிளை வாசலில் வந்து நின்று மீனவர் கேட்டபோது பதில் சொல்ல வேண்டியவர் மனேச்சர். அவர் இவனை அறைக்குள் கூப்பிட்டு, உன் கையில் இல்லாததை நீ எப்படிக் கொடுப்பாய் என்று பேசியிருக்கிறார். இவன் அன்று பின்னேரமே கரைக்குத் திரும்பிப் போய், வாக்குக் கொடுத்த ஒவ்வொருவர் வீட்டிலும் நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். பிறகு ஐந்து மாதம் தலைமையகத்தோடு மல்லுக்கட்டி, சிறு தொகைக் கடன்களுக்கு மட்டும் பரீட்சார்த்தமாக அனுமதி வாங்கினான்.

மனேச்சர் இதை அப்படியே எழுதினார். ஆங்கிலம் கொஞ்சம் முன்னே பின்னே. நான் எழுத்துப் பிழையை மட்டும் காட்டினேன், வசனத்தில் கை வைக்க விரும்பவில்லை. இவனோடு படித்த கிளாஸ்காரர் இரண்டு பேரும் தன் கிளையில் வேலை செய்ததாகவும், கடன் புத்தகத்தை வாசித்து மனிதரைக் கண்டது இவன் ஒருவன் என்றும் அவராகவே சேர்த்திருந்தார். அந்த வசனம் அவரிடம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இருபது வருடமாகப் பெடியங்களுக்கு நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்தவர் அவர்.

விண்ணப்பங்கள் மார்கழிக் கடைசியில் போய்ச் சேர்ந்தன. அதற்குப் பிறகு மனேச்சர் இன்னொரு தடவை போன் எடுத்தார். இவனைப் பற்றி விசாரிக்க என்று நினைத்தேன்.

"எங்கட ஒபிசில இன்னும் ரண்டு பிள்ளையள் இருக்கினம் சேர். ரண்டு பேருக்கும் கிளாஸ் இல்லை. அவையளைப் பற்றியும் எனக்கு எழுத விசயம் கிடக்கு. எங்க அனுப்பலாம்?"

இரண்டு பேரும் வந்து சந்தித்தார்கள். ஒருத்தி ஜிமேற்றுக்குக் கணிதம் தொடங்கியிருக்கிறாள். மற்றவளுக்கு எம்.பி.ஏ. வேண்டாம், புள்ளிவிபரவியலில் முதுமாணி செய்யத்தான் விருப்பம். உள்ளூரில் அவள் கேட்ட இடங்களில் இரண்டாம் வகுப்பாவது வேண்டும் என்கிறார்கள். வேலை அனுபவத்தையும் ஒரு தகுதிப் பரீட்சையையும் வைத்து எடுக்கும் இடங்கள் எவை என்று பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறோம்.